மென்மையான செல், விறைப்பான கட்டி: ஒரு முடிவின் எல்லைகள்

மார்பகக் கட்டியை மருத்துவர் விரலால் தடவி அறிய முடிவதற்குக் காரணம், அது சுற்றியுள்ள திசுவைவிட விறைப்பாக இருப்பதே. 1991இல் ஒஃபிர் குழுவினர் முன்வைத்த எலாஸ்டோகிராஃபி இந்த விறைப்பையே மீயொலியின் துணையால் படமாக்கியது. இதற்கு நேர்மாறாக, தனித்த புற்றுச் செல் இயல்பான செல்லைவிட மென்மையானது என்னும் கருத்து இன்று ஏறத்தாழ ஒரு விதியைப்போல எடுத்தாளப்படுகிறது. அதற்கு வலுச்சேர்த்த ஆய்வுகளுள் முதன்மையானது, கிராஸ், கிம்செவ்ஸ்கி முதலியோர் 2007இல் ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்ட கட்டுரையாகும்.

நோயாளிகளின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து பெற்ற செல்களை அவர்கள் அணுவிசை நுண்ணோக்கியின் நுனியால் அழுத்தி அளந்தனர். பரவிய புற்றுச் செல்களின் யங் குணகம் சராசரியாக 0.53 கிலோபாஸ்கல்; தீங்கற்ற செல்களுக்கு 1.97. வேறுபாடு 70 விழுக்காட்டுக்கும் மேல். தோற்றத்தால் பிரித்தறிய இயலாத செல்களையும் இவ்வளவீடு பிரித்துக் காட்டியது. இதன் பயனை மறுப்பதற்கில்லை.

ஆனால், ஒப்பிடப்பட்டவை எவை? புற்றுச் செல்கள் நுரையீரல், மார்பகம், கணையம் ஆகிய உறுப்புகளில் தோன்றியவை. தீங்கற்றவையோ உடற்குழியின் உட்பரப்பை மூடும் மீசோதீலியச் செல்கள். பிறப்பிலேயே வேறுபட்ட இரு வகைச் செல்களிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு புற்றால் வந்தது, எவ்வளவு பங்கு செல்வகையால் வந்தது என்பதை இவ்வொப்பீடு பிரித்துச் சொல்லாது. நோயறி கூடத்தின் கேள்விக்கு இது பொருத்தமான ஒப்பீடே. அங்கு அறிய வேண்டியது அந்நீரில் இருப்பது எது என்பதுதான். ‘புற்று செல்லை மென்மையாக்குகிறது’ என்னும் காரணக் கூற்றுக்கு இது போதாது. பின்வந்தோர் பலர் முதற்கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் பயன்படுத்தினர் என்பதே என் மறுப்பு.

பாசெல் பல்கலைக்கழகத்தின் பிளோடினெக் குழுவினர் 2012இல் மார்பகத் திசுத் துணுக்குகளையே அளந்தனர். இயல்பான திசுவும் தீங்கற்ற கட்டியும் தத்தம் அளவில் ஒரே சீரான விறைப்பைக் காட்ட, புற்றுத்திசு மென்மை முதல் மிகுவிறைப்பு வரை பரந்த பரவலைக் காட்டியது. செல்கள் மென்மையாகவும் அவற்றைச் சூழ்ந்து செறியும் கொல்லாஜன் இழைகள் விறைப்பாகவும் இருப்பின் முரண் எதுவுமில்லை. தமிழில் எழுதும்போது இவையனைத்தையும் ‘கடினத்தன்மை’ என்று சுட்டினால் இவ்விளக்கமே மறைந்துபோகும். நிலையான பள்ளம் விழுவதை எதிர்ப்பது கடினத்தன்மை. மீளக்கூடிய உருமாற்றத்தை எதிர்ப்பது விறைப்பு.

எண்களின் நிலையும் உறுதியானதன்று. எம்சிஎஃப்-7 என்னும் ஒரே மார்பகப் புற்றுச் செல்வகையைப் பல ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அளந்த 2018ஆம் ஆண்டின் ‘நேச்சர் மெத்தட்ஸ்’ கட்டுரையில், மீட்சிக் குணகம் முறைக்கு முறை நூறு மடங்குக்கும் மேல் வேறுபட்டது. கிராஸ் குழுவினர் கண்டதோ ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. எனவே 0.53 என்னும் எண்ணை வேறோர் ஆய்வகம் எடுத்தாளுமாயின், நுனியின் வடிவம், அழுத்திய ஆழம், வேகம், செல் ஒட்டியிருந்த பரப்பு ஆகியவற்றையும் உடன் எடுத்தாக வேண்டும்.