சாண வண்டும் போர் அரக்கனும்

நாடக மேடையில் அரக்கனைக் காட்டி அவையோரை நடுங்கச் செய்வது எளிது. அவ்வரக்கனைக் கண்டு நகைக்கச் செய்வது அரிது. ஏதென்ஸ் நகரத்து நகைச்சுவைப் புலவர் அரிஸ்டோபனீஸ் கி.மு. 421-இல் அரங்கேற்றிய ‘அமைதி’ என்னும் நாடகம் இவ்வரிய செயலைச் செய்தது. ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே நாம் அதனைப் படித்தோமாயினும், அதன் சுவை நம்மை விட்டு அகலவில்லை.

ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பத்தாண்டாகப் போர் நடந்து வந்தது. திராட்சைத் தோட்டக்காரனாகிய டிரைகேயஸ், தேவர்களிடமே நியாயம் கேட்கத் துணிகிறான். அவன் ஏறிச் செல்லும் வாகனம் யாது? சாணம் தின்னும் பெரு வண்டு! யூரிப்பிடீஸின் துன்பியல் நாடகமொன்றில் வீரன் சிறகுள்ள குதிரை மீது விண்ணேறினான். அப்பெருமிதத்தையே புலவர் இங்கு எள்ளி நகையாடுகிறார். குதிரையாயின் இருவருக்கும் இரை வேண்டும். வண்டுக்கோ தான் உண்டு கழிப்பதே போதும் என்கிறான் குடியானவன்.

மேலே சென்றால் தேவர்கள் இல்லை. வீட்டைக் காலி செய்து போய்விட்டனர். அங்குக் குடியிருப்பவன் போர் என்னும் அரக்கன். அவன் ஊர்களையெல்லாம் பேருரலில் இட்டு அரைக்க முனைகிறான், உலக்கை கிடைக்கவில்லை. ஏதென்சின் உலக்கை கிளியோன், ஸ்பார்ட்டாவின் உலக்கை பிராசிடாஸ். இருவரும் முந்திய ஆண்டில் ஆம்பிபொலிஸ் போரில் மாண்டவர்கள். உலக்கையின்றி அரக்கனால் ஆவது யாது? போரை நடத்துவோர் மனிதரே என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ?

இக்கருத்தை மேடைப் பொறியும் வலியுறுத்துகிறது. வண்டு பறப்பது பாரந்தூக்கியின் உதவியால். நடுவானில் நடிகன் நடுங்கி, தன்னைக் கவனித்து இயக்குமாறு பொறியாளனையே கூவி வேண்டுகிறான். மாயம் கலைகிறது, அவை சிரிக்கிறது. கயிற்றை இழுக்கும் கையைக் கண்டவர் பூதத்திற்கு அஞ்சுவரோ? திரைப்படத்தில் இந்நகைச்சுவை இவ்வாறு அமையாது. நடிகனும் பொறியாளனும் அவையோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதனாலன்றோ அஃது உயிர் பெறுகிறது!

பின்னர்க் குகையில் புதைந்த அமைதித் தெய்வத்தை மக்கள் கயிறு கட்டி இழுக்கின்றனர். சிலர் இழுப்பது போல நடிக்கின்றனர். சிலர் தடை செய்கின்றனர். முடிவில் உழவர் மட்டும் முயன்று வெளிக்கொணர்கின்றனர். போரால் வயல் இழந்தவர் அவர்களே அல்லரோ?

எனினும் குறை கூறாது விடுதல் நேர்மையன்று. மீட்கப்பட்ட அமைதி வாய் பேசாச் சிலையாகவே நிற்கிறாள். உடன் வந்த பெண்ணுருவங்களுள் ஒருத்தி குடியானவனுக்கு மனைவியாகவும், மற்றொருத்தி ஆட்சி மன்றத்தார்க்குப் பரிசாகவும் அளிக்கப்படுகின்றனர். ஆடவர் போரை எள்ளிய புலவர், பெண்ணைப் பொருளாக எண்ணிய தம் காலத்து வழக்கத்தை இந்நாடகத்தில் எள்ளவில்லை.

நாடகம் இரண்டாம் பரிசே பெற்றது. அடுத்துச் செய்த ஐம்பதாண்டு உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. போர் மீண்டும் மூண்டு, கி.மு. 404-இல் ஏதென்ஸ் வீழ்ந்தது. ஒரு நாடகம் போரை நிறுத்திவிடாது. ஆயினும் அச்சத்தின் பின்னுள்ள கயிற்றைக் காட்ட அதனால் இயலும். சீர்திருத்த நாடகம் எழுதப் புகும் இளைஞர், நீண்ட அறிவுரைகளைக் குறைத்து இவ்வண்டினிடம் பாடம் கேட்பாராக.