கையில் இருக்கும்போது, கையில் இல்லாதபோது: ட்ரியோ 650ஐ ரசிப்பது எப்படி?

ஒரு பழைய ஸ்மார்ட்போனைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் விவரக் குறிப்பைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள். 2004 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பாம்ஒன் நிறுவனத்தின் ட்ரியோ 650ஐ அப்படிப் படித்தால் மிஞ்சுவது ஏமாற்றமே. 312 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், பக்கத்துக்கு 320 புள்ளிகள் கொண்ட சதுரத் திரை, 640க்கு 480 அளவில் படமெடுக்கும் கேமரா, சுமார் 178 கிராம் எடை, தலையில் துருத்திக்கொண்டு நிற்கும் ஆன்டெனா. வைஃபை கிடையாது. இந்த எண்கள் எல்லாமே சரியானவை. ஆனால் அலுவல் வேலைக்காகக் கைபேசி வாங்கியவர்கள் இதை ஏன் அத்தனை பிடிவாதமாக வைத்துக்கொண்டார்கள், பிறகு ஏன் கைவிட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இவற்றில் விடை இல்லை. அதற்கு வேறொரு அளவுகோல் வேண்டும். நான் முன்வைப்பது இது: இந்தக் கருவி நம் கையில் இருக்கும் நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது, நாம் அதைப் பார்க்காத நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ட்ரியோவின் பெருமைகள் ஏறக்குறைய எல்லாமே முதல் கேள்வியின் பக்கம் சேரும். அதன் பெரிய குறைகள் இரண்டாவதன் பக்கம் போய்க் குவியும்.

இப்படிப் பிரிந்தது தற்செயல் அல்ல. ட்ரியோவின் வேர் 1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்க நாட்குறிப்பில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாராவது கூட்டத்துக்கு நாள் கேட்டால் அதை எடுத்துத் தட்டிப் பார்ப்பதுபோல நடந்துகொண்டார். எந்த வேலைக்கு உண்மையிலேயே கை பைக்குள் போகிறது, எத்தனை தட்டில் அது முடிய வேண்டும் என்று கட்டையை வைத்தே கண்டுபிடித்த முறை அது. அந்தக் கட்டை இன்று கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைலட்டின் திரைகளை வடிவமைத்த ராப் ஹைட்டானியும் இதே கணக்கைப் பிடித்துக்கொண்டார்: மனிதர் வேறு ஏதோ வேலையின் நடுவில் இருக்கிறார், கருவியைச் சில நொடிகளுக்கு மட்டும் எடுக்கிறார், அந்த நொடிகளில் ஒன்றுகூட வீணாகக் கூடாது. ஹாக்கின்ஸும் சகாக்களும் 1998இல் பாமை விட்டு வெளியேறி ஹேண்ட்ஸ்ப்ரிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது இந்த நம்பிக்கையும் அவர்களோடு போனது. 2003இல் அந்த நிறுவனம் ட்ரியோ 600ஓடு பாமிடமே திரும்பி வந்தபோது நம்பிக்கையும் சேர்ந்து வந்தது. பாம்ஒன் என்ற பெயர் அந்த இணைப்பில் பிறந்ததுதான்.

ரசனையை நாட்காட்டியிலிருந்து தொடங்கலாம். திரை விழித்திருக்கும்போது, கீழே உள்ள நாட்காட்டிப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இன்றைய நாள் மணிவாரியாக விரிகிறது. ஒரு மணியின் கோட்டைத் தொட்டுவிட்டு அப்படியே தட்டச்சு செய்யத் தொடங்கலாம். எழுதி முடித்ததும் வேறு எங்காவது போய்விடலாம். சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி வராது. பாம் கருவிகளில் சேமிக்கும் பொத்தானே கிடையாது, எழுதியது எழுதியபடி இருக்கும். திரையின் அடியில் புதிய குறிப்புக்கான பொத்தான் கண்ணில் படும்படி இருக்கிறது. அழிப்பதற்கான பொத்தானோ உள்ளே ஒரு படி தள்ளி ஒளிந்திருக்கிறது. மேசைக் கணினியின் மென்பொருள்கள் அந்தக் காலத்தில் இரண்டையும் சமமாக ஒரே பட்டியலுக்குள் வைத்திருந்தன. ஒருவர் நாளில் பலமுறை குறிப்பு எழுதுகிறார், எப்போதோ ஒருமுறைதான் அழிக்கிறார். ஆகவே இரண்டும் சமமல்ல என்று முடிவு செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். எதைக் கண்முன் வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்ற இந்தத் தேர்வைக் கவனிக்கப் பழகிவிட்டால் ட்ரியோவின் ஒவ்வொரு திரையும் பேசத் தொடங்கும்.

தொலைபேசித் திரையிலும் இதே சிந்தனை. ஒருவரை அழைக்க அவர் பெயர் முழுவதையும் தேட வேண்டியதில்லை. முதற்பெயரின் தொடக்கத்தையோ குடும்பப்பெயரின் தொடக்கத்தையோ தட்டலாம். அல்லது இரண்டின் முதல் எழுத்துகளை மட்டும் அடுத்தடுத்துத் தட்டலாம். ஜான் ஸ்மித் என்பவரைப் பிடிக்க ஜே, எஸ் என்று இரண்டு எழுத்து போதும். ஆயிரம் பெயர் கொண்ட பட்டியல்கூட ஒரு கைப்பிடிக்குள் சுருங்கிவிடும். கருவியின் தலையில் ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் அழைப்பு மணி, நினைவூட்டல், குறுஞ்செய்தி எல்லாமே ஒரே நொடியில் அடங்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம், பைக்குள் விரலை விட்டே செய்யலாம். ஒரே நபருடன் பரிமாறிய குறுஞ்செய்திகளைத் தனித்தனிக் கடிதங்களாகச் சிதறவிடாமல், கேள்வியும் பதிலும் தொடரும் ஒரே உரையாடலாகக் காட்டும் வழக்கமும் இந்த வரிசைக் கைபேசிகளில் இருந்தது. 2007இல் வந்த ஐபோனில் அந்த நகர்த்தியின் உறவினரும் இந்த உரையாடல் வடிவமும் இருந்ததைப் பார்க்கும்போது, எவை காலத்தைத் தாண்டின என்பது தெளிவாகிறது.

விசைப்பலகையை ரசிக்க அதன் இடத்தைப் பாருங்கள். பழைய பாம் கருவிகளில் திரைக்குக் கீழே ஒரு பட்டை இருந்தது. கிராஃபிட்டி என்ற சுருக்கெழுத்து முறையில் குச்சியால் எழுதுவதற்கான இடம் அது. 2002இல் ஹேண்ட்ஸ்ப்ரிங் தன் முதல் ட்ரியோவை விசைப்பலகையோடு ஒரு வடிவிலும், கிராஃபிட்டி பட்டையோடு இன்னொரு வடிவிலும் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த ட்ரியோக்களில் விசைப்பலகை மட்டுமே. கிராஃபிட்டியை உலகுக்குக் கொண்டுவந்தவரே ஹாக்கின்ஸ்தான். தான் பெற்ற புகழின் பெரும்பகுதி அதில் இருந்தும், ஒரு கையால் எழுத முடியாது என்பதற்காக அதை விட்டுக்கொடுத்தார். 650இன் சதுரத் திரைக்குக் கீழே வளைந்து நிற்கும் சிறு விசைகள் ஒவ்வொன்றும் நடுவில் புடைத்திருப்பதால், கட்டைவிரல் பக்கத்து விசையில் வழுக்காமல் நிற்கும். நடுவே உள்ள ஐந்து திசைப் பொத்தானால் குச்சியை வெளியே எடுக்காமலேயே பெரும்பாலான வேலைகளை முடிக்கலாம்.

இப்போது மறுபக்கம். பாம் இயங்குதளத்தில் திரையில் இருக்கும் மென்பொருள்தான் ஓடும். நாட்காட்டிக்குப் போனால் உலாவி மூடப்படும். பாதி இறங்கிய பக்கம் அங்கேயே நின்றுபோகும். பாட்டை ஒலிக்கவிட்டபடி வேறு வேலை பார்க்கும் சில விதிவிலக்குகள் இருந்தன. ஆனால் அடித்தளத்தின் இயல்பு ஒன்றன்பின் ஒன்று என்பதே. 128 கிலோபைட் நினைவகத்தோடு பிறந்த நாட்குறிப்புக்கு அது மிகச் சரியான தீர்மானம். இணையத்தோடு எந்நேரமும் பேச வேண்டிய கைபேசிக்கு அது போதவில்லை. இதைவிடக் கடுமையானது, மென்பொருள்களுக்கு நடுவே பாதுகாப்புச் சுவர் இல்லாதது. ஏதோ ஒரு சிறு மென்பொருள் நினைவகத்தில் தப்பான இடத்தில் கைவைத்தால் அது மட்டும் விழுவதில்லை, கருவி முழுவதும் அணைந்து மறுபடி தொடங்கும். நாட்குறிப்பு அப்படிச் செய்தால் எரிச்சலோடு போகும். தொலைபேசி அப்படிச் செய்தால் அந்த நேரத்தில் வந்த அழைப்பு கிடைக்காமல் போகும், உரிமையாளருக்கு அது தெரியவும் தெரியாது.

அலுவலர்களுக்கு அதிகம் வலித்த இடம் மின்னஞ்சல். 1999இலிருந்தே ப்ளாக்பெர்ரி கருவிகள் கடிதம் வந்த கணமே அதைப் பையில் கொண்டுவந்து சேர்த்தன. ட்ரியோவோடு வந்த மின்னஞ்சல் மென்பொருள், குறித்த இடைவெளியில் தானே போய்ப் பார்த்துவிட்டு வரும். அல்லது நாம் சொன்னால் போகும். குட் டெக்னாலஜி நிறுவனத்தின் மென்பொருளை நிறுவனச் சர்வரோடு இணைத்தால் ப்ளாக்பெர்ரியைப் போலவே இதிலும் கடிதம் உடனுக்குடன் வந்தது, உண்மைதான். அதற்குத் தனிச் செலவு, தனி ஏற்பாடு. ப்ளாக்பெர்ரி பக்கம் நின்று வாதிடுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மறுப்பு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நாம் பார்க்காத நேரத்தில் உழைப்பது எப்படி என்று அந்தக் கருவி முதல் நாளிலிருந்தே யோசித்திருந்தது, ட்ரியோ யோசிக்கவில்லை.

இந்த இரண்டு பக்கங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் நினைவகம். 650இன் கதையில் நான் நின்று பார்க்கச் சொல்வதும் இங்கேதான். பழைய பாம் கருவிகள் எல்லாத் தகவலையும் பேட்டரியின் தயவில் வாழும் நினைவகத்திலேயே வைத்திருந்தன. ஒரு மென்பொருளை எங்கிருந்தோ எடுத்து வந்து ஏற்ற வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருந்த இடத்திலேயே ஓடியது. பொத்தானை அழுத்தியதும் திரை மலர்ந்ததன் ரகசியம் அதுதான். ஆனால் பேட்டரி முழுவதுமாக வடிந்தால் அத்தனையும் போய்விடும். ட்ரியோ 600இல் பேட்டரியைக் கழற்றக்கூட முடியாது. மேசை இழுப்பறையில் மறந்து கிடந்தால் தொடர்புகளும் குறிப்புகளும் காலி. 650இல் இதைத் திருத்தினார்கள். மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். 1800 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் ஓர் எழுத்துகூடக் குறையாது. பார்க்காத நேரத்தின் ஆபத்து ஒன்று நீங்கியது.

விலையைக் கொடுத்தது பார்க்கும் நேரம். ஃபிளாஷில் இருப்பதை நேரடியாக ஓட்ட முடியாது. ஒரு சிறிய தற்காலிக நினைவகத்துக்கு எடுத்து வந்துதான் ஓட்ட வேண்டும். ஆகவே முன்பு இல்லாத சிறு தயக்கங்கள் நுழைந்தன. அதைவிட மோசம் இடக்கணக்கு. தகவலைக் குறைந்தது 512 பைட் கொண்ட துண்டுகளாகவே ஒதுக்கும்படி அமைத்திருந்தார்கள். பாம் கருவிகளின் தகவலோ மிகச் சிறிய பதிவுகளின் கூட்டம்; ஒரு தொலைபேசி எண்ணும் பெயரும் நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்னப் பதிவும் முழுத் துண்டைப் பிடித்துக்கொண்டதால், 600இல் சுகமாக உட்கார்ந்திருந்த அதே தகவல் புதிய கருவியில் கொள்ளாமல் பிதுங்கியது. 650இல் பயனருக்குக் கிடைத்ததே சுமார் 23 மெகாபைட்தான். புகார்கள் குவிந்ததும் பாம்ஒன் வாடிக்கையாளர்களுக்கு 128 மெகாபைட் நினைவக அட்டையை இலவசமாகக் கொடுத்தது. பிறகு வந்த மென்பொருள் திருத்தம் வீணாவதைக் குறைத்தது. நோக்கம் நல்லது, ஆனாலும் இதைப் பொறியியல் தவறு என்றே சொல்ல வேண்டும். தன் வாடிக்கையாளரின் தகவல் எந்த உருவில் இருக்கும் என்று அந்த நிறுவனத்தைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

என் பிரிப்பு அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். கையில் இருக்கும்போதும் ட்ரியோ எரிச்சலூட்டிய இடங்கள் உண்டே: குச்சிக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் பல, ஐந்து திசைப் பொத்தானுக்குப் பணியவே இல்லை, பெரிய விரல்களுக்கு விசைகள் சிறியவை. ஏற்கிறேன். ஆனால் முதல் குறை, ட்ரியோவுக்கு முன்பே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கைவிடாமல் ஓடவைத்ததன் கூலி. இரண்டாவது, ஒரு கைக்குள் அடங்க வேண்டும் என்பதன் கூலி. எதைப் பெறுவதற்காக எதைக் கொடுத்தார்கள் என்று இரண்டிலும் தெரிகிறது. பின்னணியில் வேலை செய்யத் தெரியாமல் போனதில் அப்படி எந்தப் பேரமும் இல்லை. இன்றைய கைபேசி இவை அனைத்தையும் செய்கிறதே, பிறகு ரசிக்க என்ன இருக்கிறது என்ற இன்னொரு கேள்வியும் வரும். செய்கிறது, எத்தனை தட்டில் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு சந்திப்பைக் குறிக்க உங்கள் கைபேசியில் எத்தனை முறை விரல் படுகிறது, இடையில் எத்தனை அறிவிப்புகள் கண்ணை இழுக்கின்றன என்று ஒருமுறை கணக்கெடுத்தால், 2004இல் கவனமாகத் தீர்த்த ஒரு கணக்கை நாம் மறந்துவிட்டோம் என்பது விளங்கும். பார்க்காத நேரத்தில் அயராமல் உழைக்கும் கருவிகளை நாம் செய்துவிட்டோம். அவை பார்க்கும் நேரத்தையும் தமதாக்கிக்கொண்டன.

கருவி கிடைக்காதவர்கள் இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்கைவில் பழைய பாம் மென்பொருள்களை உலாவியிலேயே இயக்கிப் பார்க்கலாம். அங்கே நாட்காட்டியும் குறிப்பேடும் கிடைப்பது, தட்டுகளை எண்ணப் போதும். பழைய ட்ரியோவையே வாங்க நினைப்பவர்கள் ஜிஎஸ்எம் வடிவைத் தேடுங்கள்; நான்கு அலைவரிசைகளிலும் பேசக்கூடியது, 2ஜி சேவை மிச்சமிருக்கும் நாடுகளில் இன்னும் அழைக்க வாய்ப்புண்டு. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு விசைகள் எல்லாம் எழுகின்றனவா, தலையில் உள்ள நகர்த்தி இரு பக்கமும் அசைகிறதா என்று பாருங்கள். கேமராவே இல்லாத 650 கிடைத்தால் தயங்க வேண்டாம். கேமராவை உள்ளே விடாத அலுவலகங்களுக்காக விற்கப்பட்ட வடிவம் அது. இந்தக் கைபேசி யாருக்காகப் பிறந்தது என்பதை மற்றதைவிட நேராகச் சொல்கிறது.

தன் பலவீனம் எது என்று பாமுக்குத் தெரியாமல் இல்லை. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய கோபால்ட் என்ற புதிய இயங்குதளத்தை, மென்பொருளுக்கெனப் பிரிந்துபோன பாம்சோர்ஸ் நிறுவனம் 2004லேயே தயாரித்துக் கொடுத்தது. அதைக் கொண்ட ஒரு கைபேசியும் கடைக்கு வரவில்லை. அதற்குள் 2006 தொடக்கத்தில் ட்ரியோ 700 வரிசையின் முதல் கருவி விண்டோஸ் மொபைலோடு வந்தது. பல மென்பொருள்களைச் சீட்டுகளாக அடுக்கி ஓடவிடும் பாமின் அடுத்த இயங்குதளமான வெப்ஓஎஸ் 2009இல்தான் பிறந்தது. அப்போது ஐபோனுக்கு இரண்டு வயது. ஆனால் அந்த வெப்ஓஎஸ் கைபேசியின் முகப்புத் திரையில் எதையும் திறக்காமல் ஜே, எஸ் என்று தட்டிப் பாருங்கள்.