முதல் கிளாரினெட்: மரமா, பிளாஸ்டிக்கா?

நாற்பது வயதைத் தாண்டியபின் ஓர் இசைக்கருவியைக் கையில் எடுப்பவரை வீட்டாரே சற்று வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைப் பொறுத்துக்கொண்டு, பழைய கிளாரினெட் ஒன்றை நான் வாங்கினேன். "அசல் கருங்காலி மரம். இனி இதுபோல் கிடைக்காது" என்றார் விற்றவர். மூன்று மாதம் ஊதினேன். கீழ்ச் சுரங்கள் வரவேயில்லை. வந்த சுரமும் பாதியில் கீச்சென்று கத்தியது. வயதாகிவிட்டது, மூச்சு போதவில்லை என்று முடிவுகட்டிப் பெட்டியை மூடும் நிலையில், பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கருவியைக் காட்டினேன். அவர் ஒரு சாவியின் அடியில் மெல்லிய சிகரெட் தாளை வைத்து, சாவியை மூடித் தாளை இழுத்தார். தாள் தடையின்றி வெளியே வந்தது. குற்றம் என் மூச்சில் இல்லை; துளையைச் சரியாக மூடாத மெத்தையில் இருந்தது!

வாசகர்களே, முதல் கிளாரினெட் வாங்குவோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை "மரக்கருவியே உயர்ந்தது" என்பதாகும். இந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி என்பதை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஒலிப்பது எது?

வயலினிலும் வீணையிலும் மரம் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. கிளாரினெட்டில் அப்படியன்று. உள்ளே இருக்கும் காற்றுத் தம்பமே அதிர்கிறது. சுமார் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேரான குழாய். ஒரு முனையில் நாணல் தகடு. நாதசுரத்தின் சீவாளி இரட்டைத் தகடு; இது ஒற்றைத் தகடு. தகடு உள்ள முனை மூடிய முனைபோலவே நடந்துகொள்கிறது. ஆகவே சுமார் 66 செ.மீ. நீளமே உள்ள சாதாரண பி-பிளாட் கிளாரினெட் 147 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது. ஏறத்தாழ அதே நீளமுள்ள, இரு முனையும் திறந்ததுபோல் இயங்கும் மேல்நாட்டுப் புல்லாங்குழலோ சாதாரணமாக 262 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும்.

அப்படியானால் குழாயின் சுவருக்கு வேலை என்ன? அமெரிக்க இயற்பியலார் ஜான் பாக்கஸ் இதைச் சோதித்து, 1964இல் முடிவுகளை வெளியிட்டார். கிளாரினெட்டின் சுவர் அதிர்வு, நீடித்த சுரத்தின் ஒலித்தன்மையில் குறிப்பிடத்தக்க பங்கு எதுவும் கொள்ளவில்லை என்று அவர் கண்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவில் செய்த புல்லாங்குழல்களை ஜான் கோல்ட்மன் ஊதச் செய்து கேட்பித்தார். கேட்டவர்களால் வேறுபாடு காண இயலவில்லை. இது 1971இல் வெளிவந்தது.

பின் ஏன் தேர்ந்த கலைஞர்கள் மரக்கருவியை நாடுகிறார்கள்? விலையுயர்ந்த கருவிகளில் உட்துளையின் அளவும், விரல்துளைகளின் விளிம்பும், சாவிகளின் பொருத்தமும் மிகுந்த கவனத்துடன் அமைக்கப்படுகின்றன. அக்கருவிகள் பெரும்பாலும் மரத்தாலானவை. கவனத்தின் பயனை மரத்தின் பயனாக எண்ணிவிடுகிறோம். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாக்கஸ் ஆராய்ந்தது நீடித்த சுரத்தையே. ஊதுபவரின் கைக்கும் உதட்டுக்கும் தெரியும் உணர்வை அன்று. ஆனால் அந்த நுட்பம் முதல் ஆண்டு மாணவருக்கு எட்டாத ஒன்று.

மரத்தின் தொல்லை

கிளாரினெட் செய்யும் மரம் கருங்காலி என்று விற்கப்பட்டாலும், அது பெரும்பாலும் நம் ஈட்டி மரத்தின் உறவான ஆப்பிரிக்க மரம். தண்ணீரில் மூழ்கும் அளவு அடர்த்தி உடையது. ஊதும்போது உட்புறம் ஈரமும் வெப்பமும் ஏறுகிறது; வெளிப்புறம் உலர்ந்தே இருக்கிறது. உள்ளும் புறமும் ஒன்றுபோல் விரிவதில்லை. வெடிப்பு அங்கே பிறக்கிறது. ஆகவே புதிய மரக்கருவியை முதல் வாரங்களில் நாளுக்குச் சில நிமிடங்களே ஊதவேண்டும். ஆர்வத்தோடு தொடங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

அழையாத விருந்தாளி

இனி என் கீச்சொலிக்கு வருவோம். இடது கட்டைவிரலால் இயங்கும் சாவி ஒன்று உண்டு. அது ஒரு சிறு துளையைத் திறந்து அடிச்சுரத்தைக் குலைக்கிறது. உடனே ஒலி மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவுகிறது. மேல் சுரங்கள் இவ்வாறே பிறக்கின்றன. கசியும் மெத்தையும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் நாம் கேளாமலே! பொருள் எதுவாயினும், காற்றுக் கசிந்தால் கருவி கெட்டது.

ஆகவே வாங்குமுன் ஒவ்வொரு துண்டையும் தனியே சோதியுங்கள். விரல்துளைகளை மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே உண்டான வெற்றிடம் சில வினாடிகளாவது நிற்கவேண்டும்.

பழைய கருவியில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பிரிட்டிஷ் இராணுவ வாத்தியக் குழுக்கள் 452 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதியில் வாசித்தன. இன்றைய அளவு 440. வேறுபாடு கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. அக்கருவியை இழுத்து நீட்டினாலும் எல்லாச் சுரங்களும் ஒன்றுபோல் இறங்கா. சுருதிமானியுடன் ஊதிப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

எந்த அமைப்பு என்பதை முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். 1839இல் பாரிசில் காட்டப்பட்ட, போம் பெயரால் வழங்கும் சாவியமைப்பே மேல்நாட்டு இசை பயில்வோரிடம் பரவலாக உள்ளது. ஏ.கே.சி. நடராஜன் போன்றோர் புகழ் சேர்த்த நம் கருநாடக இசை மரபில் பழைய, எளிய சாவியமைப்பும் பெரிதும் வழங்கி வந்திருக்கிறது. இரண்டிலும் விரல்வைப்பு வேறு.

மிச்சப்படும் பணத்தில் நல்ல ஊதுவாய் ஒன்றும், 2 அல்லது 2½ எண்ணுள்ள நாணல் தகடுகள் சிலவும் வாங்குங்கள். ஒலியைத் தொடங்குவது இவையே. கருவியின் பாரம் ஏறத்தாழ முக்கால் கிலோ. அதைத் தாங்குவது பெரும்பாலும் வலது கட்டைவிரல். வயது வந்தவர்கள் கழுத்துவார் மாட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

வயது வந்தபின் கற்பவர் தோற்றால், கருவியைச் சந்தேகிப்பதில்லை, தம்மையே சந்தேகிக்கிறார். நானும் அப்படித்தான் செய்தேன். நீங்கள் முதலில் மெத்தையைச் சந்தேகியுங்கள்.