குருதி வாங்கலும் எண்முறையும்: பாரிஸ் மருத்துவம் பற்றிய ஒரு மதிப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்கள் நோயைப் பற்றி அறிந்ததற்கும் நோயாளிக்குச் செய்ய முடிந்ததற்கும் இடையே இருந்த தொலைவை, குருதி வாங்கல் என்ற ஒரு சிகிச்சையின் வரலாறே போதிய அளவு காட்டிவிடும். முழங்கை மடிப்பிலுள்ள சிரையைச் சிறு கத்தியால் கீறிக் கிண்ணத்தில் குருதியை வடிப்பதும், நோயுற்ற இடத்தில் அட்டை விட்டு உறிஞ்சச் செய்வதும் கிரேக்க மருத்துவக் காலந்தொட்டு வழங்கிவந்த முறைகள். காய்ச்சல், நுரையீரல் அழற்சி, தலைவலி, விழுந்த அடி என எதற்கும் இவையே முதலில் கையாளப்பட்டன.

இத்துணை நூற்றாண்டுகள் நிலைத்த ஒரு முறையை அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. நாடி துள்ளி, உடல் கொதித்து, மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒருவரிடமிருந்து கணிசமான குருதியை வடித்தால் நாடி தணியும், உடல் குளிரும், நோயாளி தளர்ந்து அமைதியடைவார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்க்கு மூச்சு உண்மையாகவே எளிதாகும். மேலும், நுரையீரல் அழற்சியில் தப்பிப் பிழைப்பவர்களுக்கு ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் காய்ச்சல் தானாகவே திடீரென இறங்குவதுண்டு என்பதால், மூன்றாம் நாள் குருதி வாங்கிய மருத்துவர் அந்த மீட்சியைத் தம் கத்தியின் பயனாகக் கருதியதில் வியப்பில்லை. இறந்தவர்களோ, காலம் தாழ்த்தி வந்தவர்கள் என்றோ போதிய அளவு குருதி வாங்கப்படாதவர்கள் என்றோ கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர்.

இந்த வட்டத்தை உடைப்பதற்கு வேண்டிய கருவிகள் பாரிஸில்தான் திரண்டன. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794-இல் நிறுவிய மருத்துவப் பள்ளி, அதுவரை தனித்தனித் தொழில்களாக இருந்த உள்மருத்துவத்தையும் அறுவை மருத்துவத்தையும் ஒரே கல்வியாக இணைத்தது. ஏழைகள் நிறைந்த பெரிய மருத்துவமனைகளில் படுக்கையருகே நோயைக் கவனிப்பதும், இறந்தபின் உடலை அறுத்து அந்தக் கவனிப்பைச் சரிபார்ப்பதும் வழக்கமாயின. மார்பைத் தட்டி ஒலி கேட்கும், மருத்துவர் ஆவன்புருகரின் முறையை மருத்துவர் கோர்விசார் 1808-இல் பிரெஞ்சில் பெயர்த்துப் பரப்பினார். நெக்கர் மருத்துவமனையில் 1816-இல் மார்பொலி கேட்கும் குழலை உருவாக்கிய லெனெக், 1819-இல் வெளியிட்ட நூலில், உயிருள்ளவரின் மார்புக்குள் கேட்கும் ஒலியைப் பிணத்தின் நுரையீரலில் காணும் மாற்றத்தோடு பொருத்திக் காட்டினார். ஒரே பெயரிட்ட நோயாளிகள் உண்மையிலேயே ஒரே நோய் உடையவர்கள் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தபின்தான் அவர்களை எண்ணி ஒப்பிடுவதற்குப் பொருள் ஏற்பட்டது. இந்த அறிவுக்கு உடலைத் தந்தவர்கள் தம் விருப்பம் கேட்கப்படாத ஏழைகள் என்பதும் இம்மதிப்பீட்டில் சேர வேண்டியதே.

ஆயினும் புதிய உடற்கூற்று அறிவு பழைய சிகிச்சையை உடனே குறைக்கவில்லை; முதலில் பெருக்கவே செய்தது. நெப்போலியனின் படைகளில் பணியாற்றிய மருத்துவர் புருசே, நோய் என்பது ஓர் உறுப்பில் நிகழும் எரிச்சலே என்றும், அதன் முதன்மை இருப்பிடம் இரைப்பையும் குடலும் என்றும் கற்பித்து, வயிற்றின்மீது அட்டை விடுவதையும் உணவைக் குறைப்பதையும் மருந்தாக்கினார். நோய்க்கு உடலில் ஓர் இடம் உண்டு என்ற அவருடைய வற்புறுத்தலில் உண்மை இருந்தது. எல்லா நோய்க்கும் ஒரே இடம் என்ற பிடிவாதத்தில் ஆபத்து இருந்தது. பிரான்ஸ் 1833-இல் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு காலரா பாரிஸில் ஏறத்தாழ 18,000 பேரைக் கொன்றபோது, பேதியால் நீரிழந்து வற்றிக்கொண்டிருந்த உடல்களிலிருந்து குருதியும் வடிக்கப்பட்டது. அதே 1832-இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா சிரை வழியே உப்புநீரைச் செலுத்தியிருந்தும் அம்முயற்சி தொடரப்படவில்லை.

இச்சூழலில் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி 1835-இல் வெளியிட்ட நூலில், நுரையீரல் அழற்சி கொண்ட 77 பேரின் குறிப்புகளைக் குருதி வாங்கிய நாளைக் கொண்டு பிரித்தார். முதல் நான்கு நாள்களுக்குள் குருதி வாங்கப்பட்ட 41 பேரில் 18 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேர், இறந்தனர். ஐந்து முதல் ஒன்பதாம் நாளுக்குள் வாங்கப்பட்ட 36 பேரில் 9 பேர், அதாவது நூற்றுக்கு 25 பேர், இறந்தனர். பிழைத்தவர்களுள் முன்னவர்க்கு நோய் சராசரியாக 17.8 நாளும் பின்னவர்க்கு 20.8 நாளும் நீடித்தது. குருதி வாங்கலின் பயன் பொதுவாக நம்பப்பட்டதைவிட மிகக் குறைவு என்பதே லூயியின் முடிவு. அதைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை. ஒரே நூலால் அவர் பழைய முறையை வீழ்த்தினார் என்று பிற்கால வரலாறுகள் சில கூறுவது அந்நூலில் இல்லாத வெற்றி.

எண்முறை எனப்பட்ட இந்த ஒப்பீட்டின் குறைகள் சிறியவை அல்ல. ஐந்தாம் நாளில் குருதி வாங்கப்பட வேண்டுமானால் ஒருவர் அந்நாள்வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். முதல் நான்கு நாள்களில் இறந்தவர்கள் முதற் குழுவில் மட்டுமே இடம்பெற முடியும். ஆகவே 44-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி, பிரித்த முறையிலேயே பிறந்தது. கடுமையாக நோயுற்றவர்களே விரைந்து மருத்துவமனையை நாடியிருக்கவும் கூடும். எல்லாவற்றிலும் பெரிய குறை, குருதியே வாங்கப்படாத ஒரு குழு ஒப்பீட்டில் இல்லாமையாகும். எப்போது வாங்குவது என்று கேட்டவர், வாங்கலாமா என்று கேட்கவில்லை.

பாரிஸ் மருத்துவக் கழகத்தில் எண்முறை பற்றி 1837-இல் நடந்த விவாதத்தில், சராசரி என்பது எந்தத் தனி நோயாளியையும் குறிப்பதில்லை என்று ரிசுவேன்யோ தாமதோர் எதிர்த்தார். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் தனி மருத்துவரின் அனுபவம் என்பதும் எண்ணப்படாத, மறதியால் திருத்தப்பட்ட ஒரு சராசரியே என்பதை அது மறைத்தது. கவாரே 1840-இல் எழுப்பிய தடையே வலுவானது. லூயியின் குடற்காய்ச்சல் நோயாளிகள் 140 பேரில் 52 பேர் இறந்ததை எடுத்துக்கொண்ட அவர், இத்தனை சிறிய எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் உண்மையான இறப்பு வீதம் நூற்றுக்கு ஏறத்தாழ 26 முதல் 49 வரை எங்கும் இருக்கலாம் என்று நிகழ்தகவுக் கணிதத்தால் காட்டினார். லூயியை எண்ணியதற்காகக் குறை கூறியவர்களைவிட, போதிய அளவு எண்ணவில்லை என்று குறை கூறிய இவரே அவருக்கு நெருங்கிய வாரிசு.

லூயியின் எண்கள் குருதி வாங்கலைத் தவறென்று நிறுவவில்லை. மருத்துவரின் புகழுக்கும் நினைவுக்கும் அப்பால் ஒரு சிகிச்சையைச் சோதிக்க இயலும் என்பதை நிறுவின. வழக்கத்தை அசைக்க அது மட்டும் போதவில்லை. கத்தியைக் கீழே வைக்கும் மருத்துவரின் கையில் கொடுக்க வேறு மருந்து இல்லாதிருந்தது. லூயியின் நூல் வெளிவந்து 57 ஆண்டுகள் கழித்து, 1892-இல், வில்லியம் ஆஸ்லர் தம் மருத்துவப் பாடநூலிலும் உடல் வலுவுள்ளவர்க்கு நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தில் குருதி வாங்குவதைப் பரிந்துரைத்தார்.