காளை நின்ற உயரம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் கம்பெனி வரவேற்பறைகளில் பித்தளை யானை பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் வழவழவென்று, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். யானைக்குச் சுருக்கம்தானே அழகு! சந்தேகமிருந்தால் பக்கத்திலேயே இருக்கிறது பன்னேர்கட்டா விலங்குப் பூங்கா, நிஜ யானையைப் பார்த்துக்கொள்ளலாம்.

உலோகத்தில் உயிர் வர வேண்டுமென்றால் மெழுகில் வர வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். முதல் பூச்சுக்கு மண் மாவாக இருக்க வேண்டும். மெழுகில் இழுத்த மெல்லிய கோட்டையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். காய்ந்த அச்சைச் சுட்டால் மெழுகு உருகி வழியும், அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். பிறகு அச்சை உடைத்துவிட வேண்டியதுதான். ஓர் அச்சுக்கு ஒரே உருவம்.

விலங்கைக் கவனித்த சிற்பிக்கு என் சாட்சி தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். 1011-ஆம் ஆண்டுச் சோழர் வார்ப்பு. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, காலை மாற்றி வைத்து, வலக்கையை மடித்துக் காளைமேல் சாய்த்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அந்த முழங்கை இருக்கும் உயரத்தையும், தொங்கும் விரல்களின் தளர்வையும் பாருங்கள்: திமில் எங்கே இருந்தது, மாடு எவ்வளவு சாது என்பதுவரை தெரிகிறது. வரவேற்பறை யானைகளைச் செய்பவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் போய்வரலாம்.