ஒற்றைக் கையில் தூக்கும் டாலி

கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானத்தைக் காரில் கட்டித் தரையில் இழுக்கும்போது அதன் இறக்கையைத் தாங்கிவரும் சக்கரக் கால்தான் விங் டாலி. அதை வாங்க வருகிறவர்கள் சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் முதலில் தூக்கிப் பார்ப்பேன். ஒற்றைக் கையால், இறக்கையைப் பற்றும் கவ்வி மேலே பார்த்தபடி, நெஞ்சு உயரத்துக்கு. ஒரு கை இறக்கையைத் தாங்க, மறு கை டாலியை மாட்ட, உதவிக்கு ஆள் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை அது. அந்த உயரத்தில் மணிக்கட்டு தளர்ந்தால் இறக்கையின் மேற்பூச்சான ஜெல்கோட்டில் கோடு விழுந்துவிடும். மூன்று கிலோவுக்குள் இருந்தால் நல்ல டாலி. ஆறு கிலோ என்றால் அதைச் செய்தவர் ஒருநாளும் தன் கையால் மாட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இங்கே ஓசூரில், ஜூஜூவாடியிலிருந்து சிப்காட் வரைக்கும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் வரும் முதல் பதில், "ஸ்ட்ராங்கா போட்டுத் தர்றேன் சார்." ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், மூலைக்கு மூலை பட்டை, கீழே சரக்குத் தள்ளுவண்டியின் நைலான் சக்கரம். 15 மீட்டர் இறக்கை என்றதும் அவர்கள் மனக்கண்ணில் பெரிய பாரம் வந்து நிற்கிறது. அங்கே பாரமே இல்லை என்பதுதான் இந்தச் சாமானின் அழகு. 300 கிலோ கிளைடர் தன் நடுச் சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது. அதன் எடைமையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிளைடர் மூன்று டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைமையம் பக்கவாட்டில் நகர்வது நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆறு மீட்டர் தள்ளி நிற்கும் டாலிக்கு வந்து சேரும் சுமை இரண்டு கிலோவுக்கும் கீழே. ஒரு சுண்டுவிரல் தாங்கும்.

டாலி நிஜமாகச் சமாளிக்க வேண்டியது இழுவையை. சக்கரம் ஒரு பள்ளத்தில் சிக்கி பத்து கிலோ விசையில் பின்வாங்கினால், அது ஆறு மீட்டர் நெம்புகோலாகி, நடுச் சக்கரத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் வாலைத் தாங்கும் வால் டாலியைப் பதினைந்து கிலோ விசையில் பக்கவாட்டில் நெட்டும். வால்குழாயின் மெல்லிய கழுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சிறிய கெட்டிச் சக்கரத்தை நான் வெறுப்பதற்குக் காரணம் இதுதான். சிறுவர் சைக்கிளின் 16 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தை ஏறிக் கடந்துவிடும். காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடிக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண்ணில் நெருஞ்சி முள் ஒரு பிரச்சினைதான். டியூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றிவிட்டால் ஓடும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். டாலியின் மற்ற எல்லாவற்றையும்விட நான் ரசிப்பது சக்கரம் எந்த இடத்தில் தரையைத் தொடுகிறது என்பதை. கிளைடரின் நடுச் சக்கரம் திரும்பாது. ஆகவே எந்தத் திருப்பத்திலும் திருப்பத்தின் மையம் அந்த அச்சுக்கோட்டின் நீட்சியில்தான் எங்கேயாவது இருக்கும். டாலிச் சக்கரத்தின் அச்சும் அதே கோட்டில் அமைந்தால், அகலமாகத் திரும்பினாலும் நின்ற இடத்திலேயே சுற்றினாலும் அது சுத்தமாக உருளும், ஒரு மில்லிமீட்டர்கூட அரைபடாது. ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து, புல் பிய்ந்து, கவ்வி இறக்கையைத் திருகும். மண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல டாலி போன தடம் ஒரே அகலத்தில் இருக்கும். சுமாரான டாலி திருப்பத்தில் மண்ணை வாரிவிட்டுப் போயிருக்கும். களத்துக்குப் போனால் கிளைடரைப் பார்ப்பதற்கு முன்பே நான் இந்தத் தடத்தைத்தான் பார்ப்பேன்.

நேரான இறக்கைக்கு இது சுலபம். பிளானிக் எல்-13 மாதிரி இறக்கை ஐந்து டிகிரி முன்சாய்ந்திருந்தால், ஆறு மீட்டரில் அது அரை மீட்டர் முன்னே போய்விடுகிறது. கவ்வி ஓரிடம், சக்கரம் ஓரிடம். கால் சாய்வாகப் போய்த்தான் கோட்டைப் பிடிக்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொண்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மத்திகிரி போகும் சாலையில் ஒற்றை ஷட்டர் பட்டறை. மொபெட் சட்டம் வளைத்துப் பழகிய கை. 1980-ல் டி.வி.எஸ். 50 வெளிவந்த ஊரில் அந்தத் தலைமுறைக்கு எடை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. சின்ன எஞ்சின் இரண்டு ஆளை இழுக்க வேண்டுமென்றால் குழாயில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. நான் வரைபடத்தை நீட்டியபோது அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "நடுச் சக்கரம் எங்க நிக்குது சார், அத மொதல்ல சொல்லுங்க" என்றார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நூல் பிடித்து, அதன் மேல் டாலிச் சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் காலின் நீளத்தையே அளந்தார். கன்னடமும் தெலுங்கும் கலந்து பையனை அதட்டிக்கொண்டே, குழாயின் முனைகளை அரத்தால் மீன்வாய் வடிவத்தில் ராவினார். இணைப்பில் வெளிச்சம் தெரியவில்லை.

சுழல் சக்கரம் போட்டுவிட்டால் இந்தக் கோடு, நூல் எல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்குண்டு. ஹாங்கருக்குள் நெருக்கிப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருந்தால் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் காருக்குப் பின்னால் கொஞ்சம் வேகம் எடுத்தாலே சுழல் சக்கரம் தலையாட்டத் தொடங்குகிறது. அந்த நடுக்கம் அப்படியே இறக்கைக்கு ஏறும். பேரிங், கவை, நட்டு என்று ஒரு கிலோ கூடுகிறது, அதுவும் அடிமுனையில். கார்பன் நார்க் கட்சிக்காரர்களோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. டெயில்கேட்டில் ஒருமுறை நசுங்கினால் அலுமினியக் குழாயை நிமிர்த்தலாம், கார்பனைக் குப்பையில்தான் போட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அலுமினியத்திலும் ஆர்கான் வெல்டிங்கை நம்பி எல்லாவற்றையும் ஒட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 6061-டி6 குழாய் அதன் பலத்தை வெப்பப் பதத்தில்தான் பெறுகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், பலம் ஏறத்தாழப் பாதியாகிறது. 32 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாய் மீட்டருக்கு 390 கிராம். அதே அளவு இரும்பு 1.13 கிலோ. இந்த லாபத்தை இணைப்பில் இழக்கக் கூடாது. உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகி ரிவெட் அடிப்பது நேரம் பிடிக்கும், ஆனால் குழாய் குழாயாகவே இருக்கும். ஓசூரில் இன்று ரிவெட் அடிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பட்டறையில் நான் கேட்ட ரிவெட் இணைப்பைச் செய்யாமல், வெல்டு வைத்து, அது தெரியாதபடி பவுடர் கோட்டிங்கும் போட்டுக் கொடுத்தார்கள். காசு போனதைவிட அந்த மூடிமறைப்புதான் உறுத்தியது.

இந்த ஊருக்கு இது தெரியாத வித்தை அல்ல. தளி சாலையில் பெலகொண்டப்பள்ளி தனேஜா ஏரோஸ்பேஸில் ஹன்சா-3 விமானங்கள் கட்டப்பட்டன. நார்க்கலவை உடம்பை எங்கே தாங்கலாம், எங்கே அழுத்தக் கூடாது என்பது அறிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கின்றன. கிளைடர்களிலும் நமக்குப் பெரிய பரம்பரை உண்டு. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அஸ்வினி 1958-லும், ரோகிணி 1961-லும், கார்த்திக் 1963-லும் பறந்தன. ரோகிணியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கலாம், முழுக்க மரவேலை. அவ்வளவு நுணுக்கமான இறக்கைகளுக்குக் கீழே நம் களங்களில் டாலி பழக்கமாகவே ஆகவில்லை. நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க எப்போதும் ஒரு கேடட் பையன் கிடைத்தான். ஆள் கிடைத்ததால் கருவி வளரவில்லை. இன்று ஆளும் குறைந்துவிட்டது, கருவி செய்கிற பொறுமையும் போய்விட்டது.

கவ்வியைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏலெரானைச் சேர்த்துக் கவ்வுவது கூடவே கூடாது. அதன் கீல்கள் இந்த வேலைக்கு உண்டானவை அல்ல. உள்ளே ஒட்டும் பஞ்சு, நீர் குடிக்காத மூடிய நுரையாக இருக்கட்டும். ஈரத்தை வைத்திருக்கும் பஞ்சு ஜெல்கோட்டில் கொப்புளம் கிளப்பும். பட்டை வேண்டும், ரப்பர் கயிறு வேண்டாம். நிறம் பளீர் சிவப்பு.

இப்போது ஒன்று செய்யக் கொடுக்க நினைப்பவர்கள் வரைபடத்தோடு ஒரு தராசையும் கொண்டுபோங்கள். முன்பணம் கொடுக்கும்போதே எடையை எழுதி வாங்குங்கள்: சக்கரத்தோடு மூன்று கிலோ, மிஞ்சினால் மூன்றரை. நான்கைத் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஆர்டர் போய்விடும் என்று தெரிந்தால், அதே பட்டறைக்காரர் சதுரக் குழாயை உள்ளே வைத்துவிட்டு வட்டக் குழாயை எடுத்துவருவார்.