கடலில் இல்லாத தாகம்: ஜாக் லண்டனின் ‘ஜான் பார்லிகார்ன்’

மதுவைப் பற்றி உலக இலக்கியத்தில் எழுந்த நூல்களைப் பெரும்பாலும் இரு கூறாகப் பிரித்துவிடலாம். கோப்பையைக் கொண்டாடுவன ஒரு கூறு. கோப்பையைச் சபிப்பன மற்றொரு கூறு. முன்னவற்றில் உண்மை குறைவு. பின்னவற்றில் பெரும்பாலும் அனுபவம் குறைவு. இவ்விரண்டிலும் அடங்காத ஒரு நூலை 1913ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் வெளியிட்டார். ‘ஜான் பார்லிகார்ன்’ என்பது அதன் பெயர். பார்லியிலிருந்து வடிக்கப்படும் மதுவை ஒரு மனிதனாக உருவகித்து, ஆங்கிலம் பேசும் நாட்டுப்புற மக்கள் நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர் அது. குடித்துக்கொண்டே இருந்த ஒருவர், குடியின் வரவு செலவுக் கணக்கைத் தம் கையாலேயே எழுதிக் காட்டினார் என்பதே இந்நூலின் தனிச்சிறப்பு.

வாசற்படிக்குள் மதுவை அனுமதியாத குடும்பங்களில் இந்நூலுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. மது விலக்கப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை நிறுவ ஓர் அமெரிக்கரின் சாட்சியமும் தேவையில்லை. ஆனால், விலக்கப்பட்ட ஒன்றை நோக்கி ஓர் இளைஞனின் கால்கள் எவ்வாறு நடந்து செல்கின்றன என்பது வேறு கேள்வி. பிள்ளைகளை வளர்ப்போர் இந்த இரண்டாம் கேள்விக்கும் விடை அறிந்திருத்தல் வேண்டும். கப்பல் வேலைக்கும் கடல் கடந்த பிழைப்புக்கும் மக்களை அனுப்பிவைத்துப் பழகிய கரையோர ஊர்கள் நம்முடையவை. இந்நூலின் மிகச் சிறந்த பக்கங்களோ, படகிலும் கப்பலிலும் வாழ்ந்த மாந்தரைப் பற்றியவை.

லண்டன் 1876ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வறுமை அவரைச் சிறுவயதிலேயே உணவுப் பொருள்களை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு அனுப்பியது. மணிக்கு 10 சென்ட் கூலி. ஒருமுறை தொடர்ந்து 36 மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றதாக அவரே குறிப்பிடுகிறார். இந்த அடிமை வாழ்விலிருந்து தப்ப, 15ஆம் வயதில் ‘ரேஸில் டேஸில்’ என்னும் சிறு பாய்மரப் படகொன்றை 300 டாலருக்கு வாங்கினார். தமக்குப் பாலூட்டி வளர்த்த கறுப்பினச் செவிலித்தாயிடம் பெற்ற கடன் அது. வளைகுடாவில் தனியார் வளர்த்துவந்த சிப்பிப் படுகைகளில் இரவில் திருடி, விடியற்காலையில் ஓக்லண்ட் நகரச் சந்தையில் விற்பது தொழில். உண்பதும் உறங்குவதும் படகிலேயே. படகை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பேரம் முடிந்ததற்கு அடையாளம் கையெழுத்தன்று, மதுக்கிண்ணம். அப்பிள்ளையின் புதிய வாழ்வு அந்தக் கிண்ணத்தோடுதான் தொடங்குகிறது.

அந்நாள்களில் அவருக்கு மதுவின் சுவை பிடிக்கவேயில்லை என்பதை நூல் மீண்டும் மீண்டும் சொல்கிறது. பிடித்தது எது தெரியுமா? மிட்டாய்! தோழர்களின் கண்ணில் படாமல் மிட்டாய் வாங்கி வந்து, படகறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஓக்லண்ட் பொது நூலகத்திலிருந்து கொணர்ந்த புத்தகங்களைப் படித்தவாறே சுவைப்பதுதான் அச்சிறுவனின் உண்மையான இன்பம். ஆயினும் வெளியே வந்தால் பீர். அதற்கு மேல் விஸ்கி. மிட்டாய் தின்பவன் பிள்ளை. விஸ்கி குடிப்பவன் ஆண்மகன். இந்தப் பொய்யான அளவுகோலுக்கு அஞ்சி, விரும்பியதை ஒளித்தும் வெறுத்ததை வெளிப்படையாகவும் உட்கொண்ட ஒரு பிள்ளையின் சித்திரம் இது. குடியைப் பற்றி நாம் படித்த எந்த அறவுரையும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது. ஏனெனில், குடியின் தொடக்கம் நாவில் இல்லை, பிறர் கண்ணுக்கு நாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்னும் அச்சத்தில் இருக்கிறது என்பதை இது ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிடுகிறது.

இதே உண்மையை மற்றொரு நிகழ்ச்சியாலும் விளக்குகிறார். நெல்சன் என்னும் பெயர்பெற்ற சிப்பித் திருடன் ஒருநாள் அவரை மதுக்கடைக்கு அழைத்துச் சென்று, கோப்பைமேல் கோப்பையாக வாங்கிக் கொடுக்கிறான். பிரிந்து சென்ற பிறகுதான், தாம் ஒருமுறைகூடத் திருப்பி வாங்கிக் கொடுக்கவில்லையே என்பது சிறுவனுக்கு உறைக்கிறது. வெட்கம் அவரைச் சுடுகிறது. நெல்சனை மீண்டும் நாடிச்சென்று கடனைத் தீர்க்கிறார். விருந்துக்கு எதிர்விருந்து என்பது உயர்ந்த பண்புதான். உபசரித்தவனை மறவாத நன்றியுணர்வும் உயர்ந்ததுதான். அந்த நற்பண்புகளையே தூண்டிலில் புழுவாகக் கோத்துவிடுகிறது மதுக்கடை. தீயவர்களே குடிக்கு இரையாவர் என்று எண்ணியிருப்போர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டும். தாராள மனமும் தோழமை விருப்பமும் உள்ள பிள்ளையே இங்கு முதலில் சிக்குகிறான்.

நூலின் மையக் கருத்து அடுத்த பகுதியில் விளங்குகிறது. 1893ஆம் ஆண்டில் லண்டன் ‘சோபியா சதர்லாந்து’ என்னும் கப்பலில் கடல்நாய் வேட்டைக்குப் புறப்படுகிறார். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானின் போனின் தீவுகளை அடைய 51 நாள்கள். அத்தனை நாளும் மாலுமிகளுக்கு மது இல்லை. ஒருவனும் அதற்காகத் தவிக்கவுமில்லை. காற்றும் உழைப்பும் உறக்கமும் போதுமாயிருந்தன. தீவை நெருங்கியபோது, மலைமேல் ஏறிச் செல்லும் பாதையொன்று கண்ணில் பட, அதில் நடந்து அந்த அந்நிய நிலத்தைக் காண வேண்டும் என்று அவரும் இரு தோழர்களும் திட்டமிடுகின்றனர். கரையிறங்குகின்றனர். பழகிய முகங்கள் எதிர்ப்படுகின்றன. ஒரு கோப்பை மட்டும் என்கிறார்கள். அந்தப் பாதையில் அவர் கால் படவேயில்லை. வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட வேற்றுநாட்டில், மயங்கிக் கிடந்து, உடைமைகளைப் பறிகொடுத்து, கண்டதெல்லாம் மதுக்கடையின் உட்புறம் மட்டுமே.

51 நாள் கடலில் இல்லாத தாகம், கரையில் கால் வைத்த ஒரு மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு லண்டன் தரும் விடை ஒரே சொல்லில் அடங்கும்: கிடைப்பது. கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால் குடிக்கிறார்கள், இல்லாதபோது மறந்துவிடுகிறார்கள். பழக்கத்தால் உடலே அடிமைப்பட்டுப்போனவரை இவ்விடை முழுமையாக விளக்காது என்பதை இன்றைய மருத்துவம் சொல்லும். ஆனால் பழக்கம் வேரூன்றுமுன் உள்ள இளைஞனைப் பொறுத்தவரை இதன் உண்மையை மறுத்தல் அரிது. எல்லாக் கப்பல்களும் வறண்ட கப்பல்கள் அல்ல என்பதையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை, தன் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து கொடுக்கும் வழக்கத்தை 1970 ஜூலை 31 அன்றுதான் கைவிட்டது. கடல் மனிதனைக் குடிகாரனாக்குவதில்லை; கடலிலும் கரையிலும் அவனுக்கு ஊற்றிக் கொடுப்போர்தாம் ஆக்குகின்றனர்.

இந்த இடத்தில்தான் நூலின் முதற்குறையை நாம் சுட்ட வேண்டியுள்ளது. பயணம் முடிந்து சான்பிரான்சிஸ்கோ திரும்பிய மாலுமிகள், மாதக்கணக்கில் ஈட்டிய கூலியைச் சில நாள்களில் மதுக்கடைகளில் இழந்துவிட்டு, மீண்டும் ஏதேனும் ஒரு கப்பலில் ஏற நேர்வதை லண்டன் எழுதுகிறார். அவர்களைத் தங்கவைத்து, கடனேற்றி, அடுத்த கப்பலுக்கு அனுப்பி, முன்பணத்தைத் தாங்களே பெற்றுக்கொண்ட விடுதிக்காரர்களையும் தொட்டுச் செல்கிறார். ஆனால் தொட்டுச் செல்வதோடு சரி. குடிகார மாலுமி ஒருவனால் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்ற கணக்கு நூலில் விரியவில்லை. பொதுவுடைமைக் கொள்கையில் ஊறிய ஓர் எழுத்தாளர், குற்றம் முழுவதையும் ‘ஜான் பார்லிகார்ன்’ என்னும் கற்பனை மனிதன்மீது சுமத்தியதால், அவன் பெயரில் பணப்பெட்டி நிரப்பிய மெய்யான மனிதர்கள் தப்பிவிடுகின்றனர். மாலுமியின் கூலியை முன்பணமாகக் கொடுப்பதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டில் நிறைவேறியது. உருவகத்தைச் சட்டம் தண்டிக்க முடியாது. கணக்குப் புத்தகத்தைத் தண்டிக்க முடியும்.

கலைநயத்தில் நூலின் உச்சம் பெனிஷியா நகரத் துறையில் நிகழும் இரவுதான். குடிமயக்கத்தில் படகுக்குத் திரும்பும்போது கால் தவறி நீரில் விழுகிறார் இளைஞர் லண்டன். நீரோட்டம் இழுத்துச் செல்கிறது. நீந்தத் தெரிந்தும் அவர் கரையேற விரும்பவில்லை. இப்படியே போய்விடலாம், எவ்வளவு அழகான முடிவு என்று மது அவர் காதில் ஓதுகிறது. துயரம் ஒன்றுமில்லை, வறுமையோ காதல் தோல்வியோ காரணமில்லை. பல மணி நேரம் கழித்து, குளிர்நீர் போதையைக் கழுவிய பிறகுதான் உயிர்மேல் ஆசை பிறக்கிறது. அப்போது கரை எட்டாத தொலைவில் இருக்கிறது. விடியற்பொழுதில் வந்த கிரேக்க மீனவர் ஒருவர் தூக்கிக் காப்பாற்றுகிறார். சாவை விரும்பியவர் யார், வாழ விரும்பியவர் யார் என்று நாம் வியக்கிறோம். தம் உள்ளத்தில் எழும் குரல் தம்முடையதுதானா என்று அறியும் ஆற்றலையே மது முதலில் பறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இத்துணை அறிந்தவர் எந்த முடிவுக்கு வருகிறார்? நூலின் தொடக்கத்திலேயே அதன் குறிப்பு உண்டு. 1911ஆம் ஆண்டில், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவது பற்றிக் கலிபோர்னியா மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. லண்டன் ஆதரவாக வாக்களித்துவிட்டு, அன்றும் குடித்துவிட்டு வீடு திரும்பி, மனைவியிடம் காரணம் சொல்கிறார்: பெண்கள் வாக்குரிமை பெற்றால் மதுக்கடைகளை மூடிவிடுவார்கள் என்பது. எதிர்காலப் பிள்ளைகள் காக்கப்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறார். ஆனால் தம்மைப் பற்றிப் பேசும் இறுதிப் பகுதியில், தாம் பிறவிக் குடிகாரர் அல்லர் என்றும், வாய்க்கும்போது தொடர்ந்து குடிக்கப்போவதாகவும் முடிக்கிறார். தாம் செய்ய வேண்டியதைத் தாய்மாரும் மனைவிமாரும் வாக்குச் சீட்டால் செய்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நேர்மையான நூலொன்றின் நேர்மையற்ற முடிவு இது என்பதே நம் துணிபு. அவர் 1916 நவம்பர் 22 அன்று, 40ஆம் வயதில், சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் மறைந்தார் என்பதை அறிந்து படிக்கையில், அந்த இறுதிப் பகுதி நெஞ்சைக் கனக்கச் செய்கிறது.

அவர் எதிர்பார்த்த சட்டம் 1920ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அடுத்து நடந்தது என்ன? நாட்டின் கடல் எல்லைக்குச் சற்று அப்பால், நியூயார்க்கையும் நியூஜெர்சியையும் அடுத்த கடலில், மது ஏற்றிய கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டன. ‘ரம் வரிசை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. சிறு படகுகள் இரவில் விரைந்து சென்று சரக்கேற்றி வந்தன. ஒருகாலத்தில் கடலில் கிட்டாததும் கரையில் கிட்டியதுமான மது, இப்போது கடலிலிருந்தே கரைக்கு வந்தது. 1933ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. கடையை மூடுவது மட்டும் போதும் என்று நம்பிய லண்டனின் வாதத்துக்கு வரலாறு எழுதிய எதிருரை இது. மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன் உண்டு என்பதை மறைக்காமல், அவற்றின் தீமை பயனைவிடப் பெரிது என்று முதலில் உணர்த்தி, பின்னர்ப் படிப்படியாக விலக்கிய நம் திருமறையின் முறைமையை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். உள்ளம் ஆயத்தமானபின் வந்த தடை அது.

லண்டனின் நூலிலேயே மற்றொரு விடை ஒளிந்திருக்கிறது. அதை அவர் வளர்த்தெடுக்கவில்லை. படகறையில் தாழிட்ட கதவுக்குப் பின்னால் மிட்டாயும் புத்தகமுமாக இருந்த அந்தப் பிள்ளைக்கு, மதுவில்லாத தோழமை ஒன்று கிடைத்திருந்தால்? அந்நகரின் நூலகத்தில் ஐனா கூல்பிரித் என்னும் கவிஞர் நூலகராக இருந்தார். சிறுவன் தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் பார்த்து அவர் பாராட்டிய ஒரு சொல்லை லண்டன் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. துறைமுகம் நெடுக விளக்கெரியும் மதுக்கடைகள் பல. அவனை அன்போடு வரவேற்ற வேறு கதவு அந்த ஒன்றுதான். அது மாலையில் சாத்தப்படும் கதவு.

அவர் குடித்துப் பழகிய மதுக்கடைகளுள் ஒன்று, 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்த தரையோடு, ஓக்லண்ட் துறையில் இன்றும் உள்ளது. அந்தச் சதுக்கத்துக்கே அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இலக்கிய அன்பர்கள் அங்குச் சென்று அவர் நினைவாகவே அருந்துகின்றனராம். குடியின் கொடுமையை எழுதியவருக்கு இதைவிடக் கசப்பான நினைவுச்சின்னம் வேண்டுமா?

இந்நூலை நம் வீடுகளில் பரிந்துரைக்கலாமா என்றால், பரிந்துரைக்கலாம் என்றே கூறுவோம். கப்பலேறப் போகும் மகனுக்குத் தந்தை சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ‘தொடாதே’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அச்சொல் தேவையானதே. ஆயினும், வாங்கிக் கொடுக்கும் தோழனிடம் முகம் கோணாமல் எவ்வாறு மறுப்பது, மறுத்த அன்றிரவு தனிமையில் எங்கே போய் உட்காருவது என்பவற்றை அச்சொல் கற்பிப்பதில்லை. சிப்பிப் படகைப் பற்றிய அதிகாரங்களையும் போனின் தீவுப் பகுதியையும் தந்தையும் மகனும் சேர்ந்து படிக்கட்டும். இறுதி அதிகாரத்தைத் திறக்குமுன் சற்று நிறுத்தி, இந்த மனிதர் இனி என்ன செய்ய வேண்டும் என்று தந்தை மகனைக் கேட்கட்டும். மகன் சொல்லும் விடை, ஆசிரியர் எழுதிய விடையைவிடச் சிறப்பாகவே இருக்கும் என்பது நம் நம்பிக்கை.